பனிப்பாளம் தாண்டுதல்

செவ்வாய் இரவு பதினொன்றுக்குத் தொடங்கியது பனி.
எனக்குத் தெரியும். அன்றிரவு
கேண்டர் நெடுஞ்சாலையில் பனி வழிக்கும் வண்டி என்னுடையது.
ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது இதை யாரும் கேட்கவில்லை;
நானும் சொல்லவில்லை.

வண்டி இரவெல்லாம் வாசலை விட்டு நகரவில்லை என்றான்
செல்பி பார்டி.
பக்கத்து வீட்டுச் சிறுமி
புதன் காலை தன் பனிப்பொம்மையைப் படமெடுத்தாள்.
பொம்மைக்குக் கேரட் மூக்கு. பின்னால் வேலி,
வேலியின் மேல் முழங்கால் உயரம் பனி.
அதற்கும் பின்னால் அவன் வண்டி,
கூரையில் நான்கு விரற்கடை.

நான்கு விரற்கடை விழ எத்தனை நேரம் என்று
நிபுணர் முப்பது பக்கம் எழுதியிருந்தார்.
நான் மடியில் கையை வைத்துக்கொண்டு
மனசுக்குள் சொன்னேன்: விடிகாலை நான்கு மணிக்கு
வந்து நின்ற வண்டி.

பிறகு மாவு.
அடுப்படியில் ரொட்டி மாவு பொங்கி
தட்டை மீறி வழிந்து காய்ந்திருந்தது.
கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போகிறவள்
மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டா போவாள்?
பிறகு காதுக்கருவி, சோப்புக் கிண்ணத்தில்,
யாரும் பேசாத வீட்டைக் கேட்டபடி
பேட்டரி தீரும்வரை.
பிறகு பல் மருத்துவரிடம் அவளுக்கிருந்த நேரத்தை
புதன் காலையே அவன் ரத்து செய்தது.
அவளைக் காணோம் என்று புகார் கொடுத்ததோ
வெள்ளிக்கிழமை.

பிறகு அந்த ஒலிப்பதிவு.
அடையாளம் சொல்லுங்கள் என்கிறார் அதிகாரி.
"லெவினா உயரமாக இருந்தாள்" என்கிறான்.
இருந்தாள்.
காணாமல் போனவளின் உயரத்தை
அவன் மட்டும் அதற்குள்
இறந்தகாலத்தில் வைத்துவிட்டான்.

உடல் இல்லை. பார்த்தவர் இல்லை. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.
எல்லாம் காக்கை உட்காரப் பழம் விழுந்த கதை என்றார்
தற்காப்பு வழக்கறிஞர் ஹைன்ஸ். நல்ல மனிதர், சளி பிடித்திருந்தது.
ஒரு காக்கை சரி, ஐயா.
இந்த வீட்டில் அந்த ஒரு வாரத்தில்
உட்கார்ந்த இடமெல்லாம் பழம் விழுந்திருக்கிறதே.

நாங்கள் பன்னிரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு
இரண்டு நாள் என்ன பேசினோம் என்று
வெளியே சொல்லக் கூடாது. சட்டம்.
அதனால் வேறொன்று சொல்கிறேன்.

ஃபோகோ தீவில், சித்திரை மாதத்தில்,
கடற்பனி உடைந்து துறைக்குள் மிதந்து வரும்.
பள்ளி விட்டதும் பாளம் பாளமாகத் தாவுவோம்.
எந்தப் பாளமும் ஒரு பிள்ளையைத் தாங்காது.
நின்றால் மூழ்கும். நிற்காமல் ஓடினால்
ஒன்று அமிழ்வதற்குள் அடுத்தது,
அது அமிழ்வதற்குள் இன்னொன்று,
அப்புறம் கரை, நனைந்த காலுறை, அம்மாவிடம் அடி.

ஒபதியா மட்டும் நடுவில் நின்றான்.
பயந்து நின்றானோ, யோசித்து நின்றானோ.
நாங்கள் திரும்பிப் பார்த்தபோது
பாளம் மட்டும் இருந்தது, லேசாக ஆடிக்கொண்டு.

நீதிபதி சொன்னார்: ஒவ்வொன்றின் மேலும் நின்று பாருங்கள்,
பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.
இரண்டையும் எப்படி ஒரே காலால் செய்வது?
நாங்கள் கரை சேர்ந்தது
வழி சரியாக இருந்ததாலா,
நிற்காமல் ஓடியதாலா?

"குற்றவாளி" என்று எங்கள் தலைவர் வாசித்தபோது
செல்பி பார்டி என் பக்கம் பார்க்கவில்லை.
தன் பூட்ஸைப் பார்த்தான். கயிறு எடுக்கப்பட்ட பூட்ஸ்.
லெவினாவின் தங்கை அழவில்லை,
கடல் இருக்கும் திசை எது என்று காவலரிடம் கேட்டாள்.
கேண்டரிலிருந்து கடல் தெரியாது.

இப்போதும் இரவுப் பணிதான்.
விடியும் முன் தெருத்தெருவாகப் போகையில்
நின்றிருக்கும் வண்டிகளின் கூரைகளைப் பார்க்கிறேன்,
பார்க்க வேண்டாம் என்று நினைத்தும்.
இவன் ஒரு மணிக்கு வந்தவன். இவள் வெளியே போகவே இல்லை.
மூலை வீட்டு நீல வண்டியில்
பனியே இல்லை, எஞ்சின் மேல் ஆவி.
சமையலறையில் விளக்கு எரிகிறது.
வண்டியின் அலகைக் கொஞ்சம் தூக்கி,
சத்தம் அதிகம் வராமல்
கடந்து போகிறேன்.